வருங்கால நீதியரசருக்கு வைத்த பிளெக்ஸ்

இலுப்பூரில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் வெளியூர் சொந்தக்காரர்களுக்கு முன்பே ஆனந்தராஜுக்குத் தெரிந்துவிடும். காதுகுத்து, கல்யாணம், கிடாவெட்டு, எல்லாவற்றுக்கும் பிளெக்ஸ் அடித்துக் கொடுப்பவர் அவர்தான். தொழிலில் அவருக்கு ஒரு கொள்கையும் உண்டு. "பிளெக்ஸுன்னா விசேஷத்துக்கு முன்னாடியே நிக்கணும். முடிஞ்ச பெறகு வைக்கிறது கண்ணீர் அஞ்சலிக்கு மட்டுந்தான்" என்பார்.

அந்தக் கொள்கை கடைசியில் அவர் மகள் இலக்கியாவின் தலையில் விடிந்தது. பிளஸ் டூ படிக்கும்போதே, டிசம்பரில், தேசியச் சட்டப் பள்ளிகளில் சேர்வதற்கான கிளாட் தேர்வைத் திருச்சிக்குப் போய் எழுதினாள். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், அப்பாவின் கடை மாடியில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்காக அவளே நின்றுகொண்டிருந்தாள். முகம்தான் அவளுடையது. கறுப்புக் கோட்டும் உடம்பும் இணையத்தில் அகப்பட்ட யாரோ ஒரு வக்கீலுடையவை. மணிக்கட்டில் புசுபுசுவென்று ரோமம், அதன் மேல் ஒரு தடித்த கைக்கடிகாரம். "கிளாட் தேர்வில் வாகை சூடிய வருங்கால நீதியரசர் இலக்கியாவை வாழ்த்துவோர்" என்ற எழுத்துக்குக் கீழே, கூலிங்கிளாஸ் போட்ட தாய்மாமன் ஆவுடையப்பன் தலைமையில் உற்றார் உறவினர் அத்தனை பேரும் வட்டம் வட்டமாகச் சிரித்தார்கள்.

"அப்பா, இன்னும் ரிசல்ட்டே வரலையே!"

"வரும்ல?" என்றார் ஆனந்தராஜ்.

வந்தது. அகில இந்திய அளவில் இருபத்திரண்டாயிரத்துச் சொச்சமாவது இடம். அந்த இடத்துக்கு எந்தத் தேசியச் சட்டப் பள்ளியும் வாசல் கேட்டைக்கூடத் திறக்காது. இலக்கியா அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து அப்பாவிடம் சொன்னாள்.

"ரேங்க் வந்துருச்சுல்ல? அப்பறமென்ன ஆத்தா" என்று சொல்லிவிட்டு, அவர் ஒரு காதுகுத்து ஆர்டரில் குழந்தையின் போட்டோவில் கன்னத்துக்கு வெள்ளையடிக்கப் போய்விட்டார்.

ஊரும் அப்படித்தான். பிளெக்ஸில் வந்துவிட்ட விஷயத்துக்கு அங்கே மேல்முறையீடு கிடையாது. டீக்கடைக்காரர் அவளை "ஜட்ஜம்மா" என்று கூப்பிட்டு, தன் பங்காளியோடு இருந்த வரப்புத் தகராறை நின்ற நிலையில் விசாரிக்கச் சொன்னார். "எனக்கு சீட்டே கெடைக்கலண்ணே" என்று அவள் சொன்னதை, பிள்ளைக்கு எவ்வளவு பணிவு என்று நாலு பேரிடம் சொல்லி மெச்சினார். வெயிலில் நின்று நின்று பிளெக்ஸில் இருந்த முகம் நீலம் பாரித்துப் போனது. நிஜ இலக்கியா அந்தத் தெருவையே சுற்றிப் போகப் பழகிக்கொண்டாள்.

ஜூலையில்தான் நல்ல காலம் வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குத் திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் அவளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும், தவறினால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். விண்ணப்பத்தில் அப்பாவின் போன் நம்பரைக் கொடுத்திருந்ததால் ஓடிபி அவர் சட்டைப் பைக்குத்தான் வரும்.

"திருச்சியா?" என்று மாமன் ஆவுடையப்பன் வீட்டுக்கே வந்து பொங்கினார். "மச்சான், நேஷனல் லெவல்னு போட்டுட்டு அந்தா இருக்க திருச்சிக்கு அனுப்புனா, பிளெக்ஸுல இருக்க நாங்கள்லாம் வெளிய தலகாட்ட வேணாமா? ஒரு வருஷம் வீட்ல இருந்து மறுபடி எழுதட்டும். நானெல்லாம் குரூப் ஃபோரை விட்டனா?"

அவர் விடவில்லைதான். வயது வரம்பு வந்துதான் அந்தத் தேர்வைக் காப்பாற்றியது.

"மாமன் சொல்றதும் சரிதான்" என்றார் ஆனந்தராஜ். "மறுபடி எழுதி வாங்கிட்டீன்னு வையி, அந்த பிளெக்ஸே போதும். புதுசா அடிக்க வேண்டியதில்ல."

இலக்கியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்காக அவள் யோசிக்காமலும் இல்லை. மறுபடி எழுதினால் இருபத்திரண்டாயிரம் பதினைந்தாயிரம் ஆகலாம், பத்தாயிரம்கூட ஆகலாம். ஆகாமலும் போகலாம். ஒரு வருஷம் போவது மட்டும் நிச்சயம். சட்டம் படிக்க ஆசைப்பட்டவளுக்கு, சட்டம் சொல்லித்தர ஒரு இடம் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அந்த பிளெக்ஸ் மட்டும் இல்லையென்றால் மறுபடி எழுது என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். தனக்கே தோன்றியிருக்குமா? அதுவும் இல்லை. ஆக, ஒரு ரோமக் கைக்காகத் தன் வாழ்க்கையில் ஒரு வருஷத்தைக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா டீ குடிக்கப் போன நேரத்தில் கடைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பழைய பிளெக்ஸைத் திறந்து எழுத்தை மட்டும் மாற்றினாள். ஆனந்தராஜ் திரும்பி வந்தபோது திரை முழுக்க அது நின்றது.

"கிளாட் தேர்வில் அகில இந்திய அளவில் 22,411ஆவது இடம் பெற்று, எந்தத் தேசியச் சட்டப் பள்ளியிலும் இடம் கிடைக்காத இலக்கியாவுக்கு ஆறுதல் கூறுவோர்." கீழே, கூலிங்கிளாஸோடு மாமன் தலைமையில் அதே சிரிப்பு.

ஆனந்தராஜ் ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"இது நெசமா ஆத்தா?"

"ஏழு மாசமா இதத்தானேப்பா சொல்றேன்!"

"நீ வாயாலதானே சொன்ன" என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. அவர் முகத்தைப் பார்த்தால் விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இல்லை. திரையில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் தோற்றது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"மேல இருக்கது எறங்கணும், இல்லேன்னா இது ஏறணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று சொல்லி, கல்லூரிப் பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். அவர் சட்டைப் பையில் போன் முனகியது. ஆனந்தராஜ் அதை எடுத்து, தூர வைத்துப் பிடித்து, ஓடிபியை ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். இடம் உறுதி என்று திரை சொன்னது.

பிறகு அவரே ஏணி போட்டு ஏறிக் கயிற்றை அறுத்தார். பாதியில் வியாபார புத்தி திரும்பிவிட்டது. "ஆத்தா, திருச்சின்னு போட்டு ஒண்ணு அடிச்சுரவா?"

"அஞ்சு வருஷம் படிச்சு முடிக்கிறேன்ப்பா. அப்பறம் அடிங்க."

"முடிஞ்ச பெறகா? அது கண்ணீர் அஞ்சலிக்குல்ல."

"அப்ப இதுக்கு ஒண்ணு அடிங்க" என்று, கீழே வந்து சுருண்டு விழுந்த நீதியரசரைக் காட்டினாள்.

ஆனந்தராஜ் ஏணியில் நின்றபடியே கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்ன சைஸு?" என்று கேட்டார்.