பிரஸ்ஸின் பக்கவாட்டில் எழுதிய ஆராய்ச்சி

ஆதிகாலம்தொட்டு மனித மண்டையைக் குடைந்துவரும் மாபெரும் கேள்விக்கு, தகர மூடி அடிக்கும் ஒரு பட்டறையில், செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு விடை கிடைக்கவிருந்தது என்பதைச் சகலருக்கும் பணிவுடன் அறிவிக்கிறோம். தலைவலிக்குப் பாராசிட்டமாலா, இப்யூபுரூஃபனா?

சோதனைக்கு வாய்த்த மண்டை பிரஸ் ஓட்டுகிறவருடையது. நிமிடத்துக்கு நாற்பது அடி, அடிக்கு ஒரு மூடி. மதியமானால் நெற்றியிலிருந்து பிடரிவரை இரும்புப் பட்டை போட்டு யாரோ திருகுவதுபோல் இறுகும். மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். இன்னொரு தரம் நிறுத்தினால் பிரஸ்ஸை மச்சினனிடம் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லியாயிற்று. மச்சினன், அதாவது பிரஸ் ஓட்டுகிறவருடைய மனைவியின் தம்பி, பக்கத்திலேயே மூடிகளுக்கு விளிம்பு மடித்துக்கொண்டு அந்த நாளுக்காகக் காத்திருந்தான்.

அவர் பாராசிட்டமால் கட்சி. மச்சினன் இப்யூபுரூஃபன் கட்சி. பட்டறையே இரண்டாகப் பிளந்தது. அவர் மண்டையில் மாத்திரைக்கு ஒரு வாரம் என்று பேசி, வலி விட எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதை பிரஸ்ஸின் பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதினார்கள். மருந்துக்கடைப் பெண் மட்டும் நம்பவில்லை.

"ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதாண்ணே. இப்யூபுரூஃபன் வெறும் வயித்துல போட்டா வயித்தைக் கடிக்கும், பாராசிட்டமால் அளவு மீறினா ஈரலைக் கெடுக்கும். மாசத்துல பாதி நாள் முழுங்கினா மாத்திரையே தலைவலி கொடுக்கும்."

விவரம் தெரியாத பெண் என்று ஆராய்ச்சியாளர்கள் இருவரும் ஒருமனதாக முடிவுசெய்தார்கள். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

செவ்வாயன்று, அன்றைய மாத்திரையைப் பிரிக்கும்போது பார்த்தார். பாராசிட்டமால் வரிசையில் அவர் எழுதிய 40 எல்லாம் 90 ஆகியிருந்தது. மச்சினனின் கட்டைவிரலில் வெள்ளைத் தூள்.

"நாலை ஒன்பதாக்கின கை எதுடா?"

"உங்க மாத்திரைக்கு ஒன்பதே ஜாஸ்தி மரியாதை, மாமா."

கையிலிருந்த மூடியை வீசினார். அதன் விளிம்பு மச்சினனின் கன்னத்தைக் கீறிக்கொண்டு போனது. அவன் அவர் முடியைப் பிடித்து, அந்த எண்களின் மேலேயே மண்டையை மோதினான். ஒரு தரம், இரண்டு தரம். புருவம் பிளந்தது. அவர் அவன் மணிக்கட்டைக் கடித்தார். பல்லில் எலும்பு தட்டியது. கட்சிக்காரர்கள் பிரிக்க வந்து, வந்த வேகத்தில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். மச்சினன் எறிந்த ஸ்பானர் அவர் காதை உரசி, பிரஸ்ஸின் சுவிட்சுப் பெட்டிக்குள் பாய்ந்தது. நீலப் பொறி. கருகல் நாற்றம். பிரஸ் பாதி அடியில் நின்றது.

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போவது உள்ளே கேட்டது. எண்களின் மேல் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"மாமா, வலிக்குதா?" மச்சினனின் குரல் இறங்கியிருந்தது.

அவர் தலையை மெல்லத் தடவிப் பார்த்தார். புருவம் எரிந்தது. ஆனால் பட்டை கழன்றிருந்தது.

"இல்லடா."

அன்றைய மாத்திரை தரையில் கிடந்தது. மோட்டார் எரிந்துவிட்டது, மறுநாளிலிருந்து இருவருக்கும் வேலை இல்லை.