மருந்து இருக்கா?

டொக்டர் கேட்ட கேள்விகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் அம்மா பொய் சொன்னார். பொய் என்று நினைத்துக்கூட அதைச் சொல்லவில்லை.

அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு பங்குனி மாதம். கொழும்பில் ஒரு பெரிய ஆசுபத்திரியின் பெண்கள் வார்டு. அம்மாவின் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்ற இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்தத் திகதிக்காக இரண்டு வருடம் காத்திருந்தோம். கொழும்புக்குப் பயணம் செய்ய ஆமி கொடுக்கும் பாஸ் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோது ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆகவே துணைக்கு நான்தான் வந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஏறாவூர் கைறுன்னிஸா மாமி இருந்தார். அவருக்கும் அதே ஒப்பரேசன்தான். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. எனக்கோ தமிழிலேயே அந்நியரோடு பேச வராது. வார்டில் எங்களுக்கு வாயும் காதும் அவர்தான்.

"அந்தா, கண்ணாடி போட்ட டொக்டர் வாறான்" என்றார் மாமி. "நெஞ்சு வெட்டினாப் புறகு சில ஆக்களுக்கு கிட்னி பழுதாகுதாம். ஆருக்கு அப்பிடி ஆகும் எண்டு முன்னுக்கே கணக்குப் பாத்துச் சொல்லுவான். எனக்கு ஒம்பது புள்ளி தந்தான்கா. பள்ளிக்கூடத்திலயும் ஒருநாள் நான் அவ்வளவு எடுக்கல்ல."

"ஒம்பது நல்லதா மாமி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எங்கயிருந்து? இதில பெயிலாகிறவதான் கெட்டிக்காரி."

டொக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு படிவத்தை விரித்தார். மாமியைக் கூப்பிடாமல் தானே தமிழில் கேட்டார். எங்கேயோ வகுப்புக்குப் போய்ப் படித்த தமிழ்.

"அம்மா, வயது?"

"நாப்பத்தாறு."

"சீனி வருத்தம் இருக்கா?"

"இல்ல ஐயா."

"பிறசர் இருக்கா?"

"இல்ல."

"மருந்து இருக்கா?"

"இல்ல!"

மற்ற எல்லாப் பதிலையும் யோசித்துச் சொன்ன அம்மா, இதை மட்டும் அவர் கேட்டு முடிக்குமுன்னே சொன்னார். சொல்லும்போது இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

ஏன் என்று எனக்கு உடனே தெரிந்தது. எங்கள் வீடு வாவிக்கு அந்தப் பக்கம், இயக்கத்தின் கையில் இருந்த படுவான்கரையில். அங்கே மருந்து கொண்டுபோகக் கட்டுப்பாடு. தோணித் துறையில் ஆமிச் சோதனைச் சாவடி. அங்கே நிற்பவர்களுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான்: எங்கே போறது, ஐசி இருக்கா, மருந்து இருக்கா. இதே சொற்கள், இதே இழுவை. ஒரு பனடோல் அட்டையைக்கூடப் பறித்துவிடுவார்கள். சிலவேளை ஆளையும் மறித்து வைப்பார்கள். ஒன்பது வருடமாக அந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரே பதில்தான், கைகளை விரித்துக்கொண்டு.

ஆனால் அம்மாவிடம் மருந்து இருந்தது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல்தான் அவருடைய வால்வைக் கெடுத்தது. முழங்கால் உளைவு அதன்பிறகும் விடவில்லை. அப்பா டவுனுக்குப் போகும்போதெல்லாம் பாமசியில் நோவுக் குளிசை, அதாவது வலி மாத்திரை, வாங்கி, மடியில் ஒளித்துக் கொண்டுவந்து கொடுப்பார். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அதில்லாமல் அம்மாவால் கிணற்றடிக்குப் போக முடியாது. கொழும்புக்கு வரும்போது பவுடர் பேணிக்குள் போட்டுக் கொண்டுவந்தோம். அன்று காலையிலும் பிளேன்டீயோடு ஒன்றை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

டொக்டர் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். இவர் கேட்டது வேறு என்று எனக்கு விளங்கியது. வாயைத் திறந்தேன். போர்வைக்குக் கீழே அம்மா என் தொடையைக் கிள்ளினார்.

"ரெண்டு" என்று டொக்டர் சிரித்தார். "நல்லம். கிட்னிக்குப் பயம் இல்ல."

"பாத்தியா, அன்னப்பூரணி பெயில்!" என்று மாமி அம்மாவைக் காட்டிக் கை தட்டினார்.

அம்மாவும் சிரித்தார். சிரித்தால் அவருக்கு மூச்சு வாங்கும். அன்று மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். எழுந்து போன டொக்டரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்ச் சொல்லலாம். சொன்னால் புள்ளி கூடும். கூடினால் திகதியைத் தள்ளி, ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்லுவார்கள். அடுத்தமுறை பாதை திறந்திருக்குமோ, பூட்டியிருக்குமோ? இப்படியெல்லாம் நினைத்தேன். ஆனால் உண்மையில் நான் எழும்பாததற்குக் காரணம் கூச்சம்தான். வார்டு முழுக்கப் பார்த்திருக்க, ஒரு ஆம்பிளையின் பின்னால் போய் ஐயா என்று கூப்பிட எனக்கு வரவில்லை.

பின்னேரம் வெளியே கடையிலிருந்து தன்னாமுனை நோபேட் மாமாவுக்குக் கோல் எடுத்தேன். அவர் அப்பாவின் சிநேகிதர். "கணக்குப் பாத்த டொக்டர் கிட்னிக்குப் பயமில்ல எண்டு சொன்னவர், அப்பாட்ட சொல்லுங்க" என்றேன். வார்டுக்குத் திரும்பியதும் பின்னேரக் குளிசையை எடுத்துக் கொடுத்தேன்.

ஒப்பரேசன் நன்றாக முடிந்தது. வால்வு நன்றாக வேலை செய்கிறது என்றார்கள். இரண்டாம் நாள் அம்மாவுக்குச் சலம் போவது குறைந்தது. மூன்றாம் நாள் சலப் பையில் தேயிலைச் சாயம்போல ஒரு விரற்கடைதான் இருந்தது. முகமும் கையும் ஊதிவிட்டன. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் என்னை ஐந்து நிமிடம் விட்டார்கள்.

"புள்ள" என்றார் அம்மா. குரல் வரவில்லை, உதட்டைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன். "அந்தக் குளிசையாலயா?"

"தெரியாம்மா."

"டொக்டர்ட்டச் சொல்லு. அப்பாட்ட மட்டும் சொல்லிராத. அந்த மனிசன்தானே வாங்கித் தந்த. தாங்கமாட்டார்."

வெளியே டொக்டர் நடைபாதையில் அந்தப் படிவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். போய் அவருக்கு முன்னால் நின்றேன். பவுடர் பேணியைத் திறந்து அவருடைய கையில் கவிழ்த்தேன். குளிசை அட்டையின் பின்புறத்தைப் படித்தவர் அப்படியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாள்?"

"ஆறு வருசம். ஒப்பரேசனுக்கு முந்தின நாள் வரைக்கும்."

"நான் கேட்டேன்தானே? ஏன் சொல்லல?"

"நீங்க ஆமி கேக்கிற மாதிரிக் கேட்டீங்க."

அவருக்கு விளங்கவில்லை. மாமி அப்போது வார்டு வாசல்வரை நடக்கத் தொடங்கியிருந்தார். ஒன்பது புள்ளி எடுத்த அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சைத் தலையணையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்து, சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார். சாவடி, தோணி, பறித்த குளிசைகள். பிறகு டொக்டர் மாமி வழியாகச் சொன்னார்: அந்தக் குளிசை கிட்னியைக் கெடுக்குமாம். முன்பே தெரிந்திருந்தால் குளிசையை நிறுத்தி, வார்டிலேயே இரண்டு கிழமை வைத்திருந்து, அதற்குப் பிறகுதான் வெட்டியிருப்பார்களாம். ஊருக்கு அனுப்பியிருக்கமாட்டார்களாம்.

"நான் எப்பிடிக் கேக்கணும்?" என்று என்னிடம் தமிழில் கேட்டார்.

"என்ன குளிசை போடுறீங்க எண்டு கேளுங்க. சிரிச்சுக்கொண்டு கேளுங்க."

படிவத்தின் ஓரத்தில் அதைச் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார். பிறகு அம்மாவுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் மெசினைப் போட ஓடினார். இரண்டு இரவு வீட்டுக்கே போகவில்லை. ஆறாம் நாள் காலை அம்மா போய்விட்டார்.

அப்பா வந்து சேர அடுத்த நாள் மத்தியானம் ஆகிவிட்டது. நோபேட் மாமா எப்படியோ பாஸ் எடுத்துக் கொடுத்திருந்தார். அப்பா வெள்ளைச் சேட்டை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார். அழவில்லை.

"ஆரு அந்தக் கணக்குப் பாத்த டொக்டர்?" என்றார்.

டொக்டர் தானாகவே வந்தார். "ஐயா, மன்னிக்கணும்" என்றார்.

"பயமில்ல எண்டு சொன்னனியாமே? என்ன படிப்புப் படிச்ச நீ? விரலை மடக்கிக் கூட்டத் தெரியாதா? என்ர பொஞ்சாதிர உசிர் உனக்கு விளையாட்டா? தமிழ்ச்சிதானே எண்டு ஏனோதானோ எண்டு கூட்டினனியா?"

நடைபாதையில் போனவர்கள் நின்றார்கள். மாமி தன் கட்டிலிலிருந்து என்னையே பார்த்தார். டொக்டரும் என்னைத்தான் பார்த்தார். எல்லாம் விளங்கவில்லை என்றாலும், கடைசியாகச் சொன்னது அவருக்கு விளங்கியது. முகம் சிவந்துவிட்டது. குளிசையைப் பற்றி ஒரு சொல் அவர் சொல்லியிருக்கலாம். அல்லது நான் சொல்லியிருக்கலாம். அவர் பார்த்துக்கொண்டு நின்றதும் அதற்காகத்தான்.

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"பிழை என்னிலதான் ஐயா" என்றார் டொக்டர். "கணக்குப் பிழைச்சிட்டு."

அப்பா காறித் துப்பினார். அது டொக்டரின் சப்பாத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் காலை எடுக்கவில்லை.

"வாங்கப்பா" என்று அப்பாவின் கையைப் பிடித்தேன்.