தேடிப் பிடித்தால் இலவசம்

சுபலட்சுமிக்கு ஒரு சின்ன நாய் வேண்டும். மடியில் உட்காருகிற நாய். ஷேர் ஆட்டோவில் போனால் தனி சீட் கேட்காத நாய். மகள் சத்தியப்பிரியா படிப்புக்காகக் கோயம்புத்தூர் விடுதிக்குப் போனதிலிருந்து அவர்களுடைய காரைக்குடி வீட்டில் டி.வி. மட்டும்தான் பேசுகிறது. கணவன் பாண்டிமுருகன் நாள் முழுக்க மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவன். அந்த இரைச்சலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறப்பதில்லை.

நாய் விற்கிற கடையில் விலையைச் சொன்னபோது திறந்தான்.

"இத்துனூண்டு நாய்க்கு இம்புட்டு விலையா? அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடே வாங்கிப்புடலாம்."

"மாட்டை மடியில வைக்க முடியுமாங்க?" என்றாள் சுபலட்சுமி.

தெருக்குட்டி ஒன்றை எடுத்து வளர்த்தும் பார்த்தாயிற்று. அது கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்து, அதன் மடியில் அவள் உட்காரலாம் என்கிற நிலைமை வந்தபோது, ஒரு தோப்புக்காரர் காவலுக்கென்று கேட்டு வாங்கிப் போய்விட்டார்.

அப்படியிருக்கையில்தான் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. 'நெற்குப்பை ஊரில், பெரிய வீட்டில் சின்ன நாய். விலை கிடையாது. தேடிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.'

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பைக்கில் போய் இறங்கினார்கள். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. சாவிக்கொத்தோடு காவல்காரர் வீரையா வந்தார்.

"நாய்க்கு வந்தீகளா? வாங்க, வாங்க. உள்ளதான் இருக்கு."

"எங்க இருக்கு?"

"அது தெரிஞ்சா நானே புடிச்சுக் குடுத்துருவேனே! வீட்டுக்கார ஆச்சி கோயில் கும்பிடச் சென்னையிலேருந்து வந்தாக. நாயையும் கொண்டாந்தாக. கெளம்புற அன்னைக்கு அதைக் காணல. ரயிலுக்கு நேரமாயிருச்சு, யாரு புடிக்கிறாகளோ அவுகளுக்கே குடுத்துருன்னு சொல்லிட்டுப் போயிட்டாக."

"நீங்க அப்புறம் பாத்தீகளா?"

"பாக்கல. பால்சோறு வச்சா கிண்ணம் காலியாகுது. கொலைக்கிற சத்தம் கேக்குது."

"சோத்தைப் பூனை தின்னுருக்கும்" என்றான் பாண்டிமுருகன்.

"பூனை கொலைக்காதுல்ல" என்றார் வீரையா. கதவைத் திறந்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவராகத் திரும்பினார். "உள்ள இன்னொரு குடும்பமும் தேடிக்கிட்டு இருக்காக. பாத்து அனுசரிச்சுக்கங்க."

"அவுக எப்ப வந்தாக?"

"சித்திரையில."

அப்போது ஆவணி நடந்துகொண்டிருந்தது.

உள்ளே போனால் முற்றத்துக்குப் பின்னால் முற்றம். சுற்றிலும் அறைகள். பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன. அவை பங்காளிகளின் பங்கு, சாவிகள் மலேசியாவிலும் பெங்களூரிலும் இருந்தன. கதவுகளுக்கு அடியில் ஒரு சின்ன நாய் தாராளமாக நுழைகிற இடைவெளி இருந்தது. மனிதர்கள் குப்புறப் படுத்து எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். சுபலட்சுமி ஒவ்வொரு கதவாகப் படுத்துப் பார்த்துக்கொண்டே போனாள். பாண்டிமுருகனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மாடிக்கு ஏறினான்.

மாடியில் நீளமான இருட்டு நடை. கொஞ்ச தூரம் போனவன், யாரும் இல்லை என்பதை இரண்டு பக்கமும் பார்த்து உறுதிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமி, "வவ்" என்றான்.

எங்கோ உள்ளேயிருந்து "வவ், வவ்" என்று பதில் வந்தது.

அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்று நாட்களாக ஓடாத மோட்டார் திடீரென்று சுற்றினால் வருகிற சந்தோஷம் அது. மறுபடி குலைத்தான், இந்த முறை கொஞ்சம் பாசமாக. பதிலும் பாசமாக வந்தது. குலைத்துக்கொண்டே நடையைத் தாண்டி, சாமான் அறையைத் தாண்டி, மேலே போகும் ஒரு குறுகிய படியில் ஏறினான். சத்தம் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மொட்டைமாடிக் கதவை எட்டித் தள்ளினான். அங்கே கைலியும் பனியனுமாக, கண்ணாடி போட்ட ஓர் ஆள், வாயைக் குவித்துக்கொண்டு நின்றார்.

"நீங்களா கொலைச்சது?" என்றான் பாண்டிமுருகன்.

"ஆமா. நீங்களும்தானே?" என்றார் அவர்.

அவர் கையை நீட்டினார். "கார்த்திகேயன். சிவகங்கையில டைப்பிஸ்ட்டா இருக்கேன். நாய் இங்குட்டு இல்லை. நல்லாப் பாத்துட்டேன். அங்குட்டு, கெழக்க பாப்போமா?"

அதே நேரத்தில் கீழே, மூன்றாவது முற்றத்தில், சுபலட்சுமிக்குக் கடுகு தாளிக்கிற வாசம் அடித்தது. ஆளில்லாத வீட்டில் தாளிக்கிறது யார்? வாசத்தைப் பிடித்துக்கொண்டே போனாள். ஓர் அறையில் கேஸ் அடுப்பு எரிந்தது. கொடியில் சேலையும் சட்டைகளும் காய்ந்தன. சுவரில் காலண்டர்கூட மாட்டியிருந்தது. ஒரு பெண் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் ஒரு வெள்ளை நாய், ஒரு தேங்காய்க்கு மேல் பெரிதில்லை, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் பதறி முந்தானையால் நாயை மூடினாள். வால் வெளியே தெரிந்தது.

"அக்கா, சத்தம் போட்டுறாதீக."

"நீங்க யாரு?"

"சித்ரா. நாய் தேடித்தான் வந்தோம்."

"அதான் கெடைச்சுருச்சே!" என்றபடி சுபலட்சுமி எதிரே உட்கார்ந்தாள்.

"வந்த அன்னைக்கே கெடைச்சுருச்சுக்கா" என்றாள் சித்ரா. கண் கலங்கியிருந்தது, வெங்காயத்தாலும்தான். "சிவகங்கையில எங்களுக்கு ஒரே ரூமு. மாமியா, கொழுந்தன், அவரு பொண்டாட்டி, எல்லாரும் அதுலதான். இவுக என்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னாக்கூட பஸ் ஸ்டாண்டுக்குத்தான் கூட்டிப் போகணும். இங்க வந்து இந்த ரூம்ல நின்னோம். அம்புட்டுக் காத்து! நாயைப் புடிச்சுட்டோம்னு சொன்னா கெளம்பணும்ல? கெடைக்கலைன்னு சொல்லிட்டோம். தேடுறவுகள வெளிய போங்கன்னு யாரு சொல்ல முடியும்?"

"அப்ப மாடியில கொலைக்கிறது?"

"இவுகதான். யாராச்சும் தேடி வந்தா கொலைச்சு அங்குட்டு இழுத்துட்டுப் போயிருவாக. ஆபீஸுக்குத் திருப்பத்தூர் வழியா பஸ்ல போயிட்டு வாராக. லீவு நாள்ல இந்த வேலை."

நாய் முந்தானைக்குள்ளிருந்து தலையை நீட்டி சுபலட்சுமியைப் பார்த்தது. எழுந்து, சோம்பல் முறித்து, நடந்து வந்து அவள் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. இப்போதே தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனால் அது அவளுடையது. அதற்குத் தனக்கு முழு உரிமை உண்டு என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். சித்ரா தடுக்கவில்லை. கொடியிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

சுபலட்சுமிக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"அந்தத் துணியைத் திரும்பப் போடுங்க, இன்னும் ஈரமா இருக்கு" என்றாள். "நான் ஒண்ணு சொல்றேன். சனி, ஞாயிறு எனக்கு. மத்த நாள் உங்களுக்கு."

விஷயத்தைக் கேட்டதும் பாண்டிமுருகன் குதித்தான். கார்த்திகேயனோடு மாடி முழுக்கக் குலைத்துத் தொண்டை கட்டிப் போயிருந்ததால் அந்தக் கோபம் வெளியே சரியாகக் கேட்கவில்லை. சித்ரா சூடாக மிளகு ரசம் கொடுத்தாள். குடித்து முடித்தபோது அவனுக்கும் சம்மதமாகியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை கார்த்திகேயன் நாயை வயர்கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்டும்போது கூடையை வீரையா வாங்கிப் பிடித்துக்கொண்டார். கூடைக்குள் நாய் இரண்டு தடவை குலைத்தது. கார்த்திகேயன் கல்லாய் நின்றார்.

"இன்னைக்குச் சத்தம் கிட்டக்கக் கேக்குது" என்றார் வீரையா, வீட்டின் உள்பக்கம் பார்த்தபடி. "விடாமத் தேடுங்க. மழைக்காலம் வருது, மேக்கால உள்ள ரூமு ஒழுகாது. அங்குட்டு மாறிக்கிட்டுத் தேடுங்க."

காரைக்குடியில் அன்று சாயங்காலம் வரை நாய் சுபலட்சுமியின் மடியிலேயே தூங்கியது. தண்ணீர்த் தொட்டி நிரம்பி, மொட்டைமாடியில் வழிந்து, படியில் இறங்கி, வாசலுக்கு வந்தது. மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவள் எழுந்திருக்கவில்லை.