ஏயோனியத்துக்குக் குல்லா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் சேலையூர்ப் பக்கம் ஒரு மொட்டை மாடியில் பூந்தொட்டி ஒன்று குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டியது.

முதல் தொடக்கம்: ‘கீழ்வானம் செந்நிறம் பூசிக்கொண்ட அந்த வைகறையில், ராஜகோபாலன்—’ (வேண்டாம். அவர் எழுந்ததே ஏழரைக்கு.)

இரண்டாவது: காலனி மாடித்தோட்டச் சங்கத் தலைவர் ராஜகோபாலன், ஏயோனியம் என்ற செடியை ஆன்லைனில் வரவழைத்தார். சதைப்பிடிப்பான கறுப்பு இலைகள், ரோஜாபோல அடுக்கடுக்காக. (பார்த்தால் பிளாஸ்டிக் என்றுதான் தோன்றும். அதன் பெருமையே அதுதான்.) கூடவே ஓர் ஆங்கிலச் சீட்டு: இதற்கு ஃப்ராஸ்ட் ஆகாது. தலைவர் அதைச் சங்கத்தின் வாட்ஸப்பில் தமிழாக்கித் தந்தார்: ‘பனி ஆகாது.’

2

மார்கழிப் பனி தாம்பரத்தில் யாருக்குத்தான் ஆகிறது? தம் தலைக் குல்லாவைக் கழற்றிச் செடிக்கு மாட்டினார். பத்து நாள், ராவும் பகலும்.

“செடிக்குக் குல்லா, உங்களுக்கு ஜலதோஷம்,” என்றார் மனைவி சுந்தரவல்லி. “பகல்லயாவது எடுங்க. அதுக்கு வேர்த்துக் கொட்டப்போகுது.”

“கானரித் தீவுச் செடிம்மா. உனக்குப் புரியாது.”

(சுந்தரவல்லியை முதலில் கோபக்காரியாக எழுதியிருந்தேன். இப்படிப்பட்டவரோடு முப்பது வருடம் கோபமாகவே இருக்க முடியாது. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் இருபது பேர் மாடிக்கு வந்தார்கள். தலைவர் சொல் கேட்டுத் தம் வீட்டுச் செம்பருத்திக்குத் துண்டு கட்டியவர்கள். படப்பை ரோட்டில் நர்சரி வைத்திருக்கும் சபீஹாவும் வந்திருந்தார். குல்லாவின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பார்த்தார்.

“சார், உள்ள புழுங்கி தண்டு அழுக ஆரம்பிச்சிருக்கு. எதுக்கு சார் குல்லா?”

“பனிக்கு.”

“ஃப்ராஸ்ட்னா தண்ணி ஐஸாவுற குளிரு சார். நம்மூர்ல ஐஸ் ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு. இப்பவே கழட்டி, அழுகினத வெட்டிட்டா தேறிடும்.”

“நான் எல்லாருக்கும் பனின்னு சொல்லிட்டேனேம்மா,” என்றார் தலைவர், மெதுவாக.

“செடிக்குத் தமிழ் தெரியாது சார்.”

4

முடிவு அ: அவர் குல்லாவைக் கழற்றுகிறார். இருபது பேரும் கைதட்டி— (இந்தக் காலனியில் யாரும் யாருக்கும் கைதட்டியதில்லை.)

முடிவு ஆ: ‘பனியின் வகைகள்’ பற்றி அரைமணி நேரம் பேசுகிறார். செடி செத்—

இரண்டும் எனக்குச் சரிப்படவில்லை. தமிழ் வேறு குறுக்கே நிற்கிறது. பிழைப்பது என்றால் உயிர் தப்புவது; தப்புச் செய்வதும் அதுதான். செடி பிழைக்க வேண்டுமென்றால், தாம் பிழைத்ததைத் தலைவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர் கை குல்லாமேல் இருக்கிறது. சுந்தரவல்லி கத்தியை நீட்டியபடி நிற்கிறார்.

நான் எந்தச் சங்கத்துக்கும் தலைவராக இருந்ததில்லை. இருந்தவர்கள் யாராவது முடித்துவையுங்கள். கொஞ்சம் சீக்கிரம், உள்ளே புழுங்குகிறது.