ஸ்கெல்பி இனி எங்கள் தொகுதியில் இல்லை

ஸ்கெல்பியைப் பிய்த்து அடுத்த தொகுதிக்குத் தூக்கிக் கொடுத்தவன் நான்தான். எல்லை ஆணையம் இல்லை, லண்டனில் உட்கார்ந்திருக்கும் எவனும் இல்லை. வெல்பரி தொகுதிக் கட்சிக் கிளையின் செயலாளர் நெவில் ஹார்ட்ஷோர்ன், வயது அறுபத்தெட்டு, சர்க்கரை வியாதி, முன்கோபம். இத்தனை நாளும் யார் கேட்டாலும், "ஆணையம் பண்ணிடுச்சு, நாம என்ன பண்றது?" என்று கையை விரித்துக்கொண்டிருந்தேன். இனிமேல் அந்தப் பொய்யைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நடந்தது இதுதான். எங்கள் லிங்கன்ஷர் மாவட்டத்தில் இருந்த வயல்களெல்லாம் வீடுகளாகிக்கொண்டே போனதில், எங்கள் தொகுதியில் சட்டம் அனுமதிக்கும் உச்ச எண்ணிக்கையைவிட ஆயிரத்து அறுநூறு வாக்காளர்கள் கூடிவிட்டார்கள். கிழக்கே கடலோரத் தொகுதியில் ஆள் குறைவு. ஆகவே எங்களிடமிருந்து ஒரு வார்டை எடுத்து அங்கே ஒட்ட வேண்டும். ஆணையத்தின் முதல் வரைபடத்தில் வெல்பரி டவுனையே இரண்டாக்கி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்டேஷன் வார்டை எடுத்திருந்தார்கள். எங்கள் கட்சிக்கு ஓட்டு கொட்டுகிற வார்டு அது. அது போனால் அடுத்த தேர்தலில் எங்கள் ஆள் மண்ணைக் கவ்வுவார் என்று எங்களுக்கெல்லாம் கிலி பிடித்துவிட்டது.

கிளைத் தலைவர் கிளைவ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நெவில், வேண்டாம்னு மட்டும் எழுதினா தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க. அதுக்குப் பதிலா எத எடுத்துக்கலாம்னு நாமளே சொல்லணும். எண்ணிக்கையும் பொருந்தணும், காரணமும் சொல்லணும்."

"அது எனக்குத் தெரியாதா? இது நான் பாக்கற மூணாவது எல்லை மாத்தம்," என்று எரிந்து விழுந்தேன்.

அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தேன். மேற்கே எதைத் தொட்டாலும் கணக்கு உதைத்தது. கிழக்கு ஓரத்தில், பீட்ரூட் வயல்களுக்கு நடுவே, ஸ்கெல்பி வார்டு. ஆயிரத்து எழுநூற்று முப்பது வாக்காளர்கள். அச்சில் வார்த்த மாதிரிப் பொருந்தியது. அங்கே எங்களுக்கு விழுவது முந்நூறு ஓட்டு. போனால் நஷ்டமில்லை என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

அந்த முந்நூறு ஓட்டுக்கும் டோரீன் பாஷ்லி என்று பெயர்.

டோரீன் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முப்பத்தொரு வருஷமாக ஸ்கெல்பியில் எங்கள் கட்சி என்றால் அவள்தான். அவள் ஆரம்பித்தபோது அந்த ஊரில் எங்களுக்குத் தொண்ணூறு ஓட்டுகூட இல்லை. மழையிலும் பனியிலும் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி, நாய்க்கடி வாங்கி, வசவு வாங்கி, முந்நூறாக்கினாள். தேர்தல் வந்தால் அவள் வீட்டு முன்னறைதான் கட்சி அலுவலகம். ஆறு வருஷத்துக்கு முன் அவள் கணவன் ஆல்ஃப் போய்விட்டான். பிள்ளை குட்டி கிடையாது. அதற்குப் பிறகு அவளுக்கு வாரத்தில் இருந்தது ஒரே ஒரு நாள், வியாழக்கிழமை. அன்றுதான் வெல்பரியில் எங்கள் கிளைக் கூட்டம். கூட்டம் முடிந்ததும் நாங்கள் ஏழெட்டுப் பேர் எதிரே இருக்கும் பப்பில் உட்கார்ந்து, ஒருத்தரை ஒருத்தர் கிண்டலடித்துக்கொண்டு, மீனும் வறுவலும் சாப்பிடுவோம். எங்கள் கட்சி விதிப்படி ஒருவர் எந்தத் தொகுதியில் குடியிருக்கிறாரோ அந்தக் கிளையில்தான் உறுப்பினராக இருக்க முடியும். ஸ்கெல்பி போனால் அவளும் போக வேண்டியதுதான். இது தெரிந்தேதான் நான் பேனாவை எடுத்தேன்.

எண்ணிக்கை மட்டும் போதாது, அந்த ஊருக்கும் டவுனுக்கும் ஒட்டுறவு இல்லை என்று காட்ட வேண்டும். அதற்கு என்னிடம் ஒரு சரக்கு இருந்தது. ஸ்கெல்பிக்கு ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து வியாழக்கிழமைகளில் நான்தான் காரில் போய் டோரீனை அழைத்து வருவேன். வரும் வழியெல்லாம் அந்தப் பஸ் புராணம்தான்.

"ஏம்ப்பா நெவில், அந்த எம்.பி. மனுஷன் வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்காரு? பஸ்ஸுக்காக ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"

"சொல்லியிருக்கேன், டோரீன்."

"என்னத்தச் சொன்ன? எங்க ஊர்ல பாதிப் பேரு வெல்பரியப் பாத்து ஒரு வருஷமாச்சு. டாக்டர், கடை, பேங்க் எல்லாத்துக்கும் கடலோரப் பக்கந்தான் ஓடறோம். இப்பிடியே போனா எங்களுக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. எழுதிக்க, அப்பிடியே எழுதி அவருகிட்டக் குடு."

எழுதிக்கொண்டேன். ஆனால் எம்.பி.யிடம் கொடுக்கவில்லை. ஆணையத்துக்கு அனுப்பிய மனுவில், 'நெடுங்காலமாக ஸ்கெல்பியில் வசிக்கும் ஒருவர் கூறுவதாவது' என்று ஆரம்பித்து, அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் சேர்த்தேன். கீழே என் கையெழுத்து. கிளைவ் படித்துவிட்டு என் முதுகில் தட்டினார். "பிரமாதம்ப்பா, இதுக்கு மேல ஆதாரம் வேணுமா?" என்றார். எனக்கும் அன்று கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வெட்கக்கேடு.

வந்த மனுக்களையெல்லாம் எழுதியவர் பெயரோடு ஆணையம் வெளியிடும். அது எனக்குத் தெரியும். எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் நானூறு பக்கத்துக்கு மேல். எவன் உட்கார்ந்து படிக்கப்போகிறான் என்று இருந்துவிட்டேன். ஊரில் எவனும் படிக்கவில்லை. டோரீன் படித்தாள். ஆணையத்தின் பொது விசாரணையில் ஸ்டேஷன் வார்டைக் காப்பாற்றப் பேசுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று, பக்கத்து வீட்டுக்காரியின் காரில் நூலகத்துக்குப் போய், மூன்று நாள் உட்கார்ந்து படித்திருக்கிறாள். எங்களுக்காக.

அதற்கப்புறம் இரண்டு வியாழக்கிழமை, "இடுப்பு வலிக்குது, நான் வரல" என்று போனில் சொன்னாள். நானும் நம்பினேன்.

பொது விசாரணை வெல்பரி ஹோட்டல் ஒன்றில் நடந்தது. நடத்தியவர் ஒரு வக்கீல் அம்மாள், ரொம்ப மரியாதையான மனுஷி. பெயர், விலாசம் சொல்லிவிட்டு ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசலாம். நான் முதலில் பேசினேன். வரைபடத்தைக் காட்டினேன், எண்ணிக்கையைச் சொன்னேன், ஸ்கெல்பி மக்களின் மனசே இப்போது கடலோரம்தான் என்று முழங்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

"டோரீன் பாஷ்லி, சர்ச் லேன், ஸ்கெல்பி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆல்ஃப் சாவுக்குப் போட்ட கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் மைக் முன்னால் போய் நின்றாள். கையில் இரண்டே இரண்டு தாள்.

"இங்க முன்னாடி பேசினவரோட மனுவுல, ஸ்கெல்பியில வசிக்கிற ஒருத்தர் சொன்னதாப் போட்டிருக்கு. அந்த ஒருத்தர் நான்தாங்க. நான் சொன்னது வாஸ்தவம். ஆனா நான் பஸ் கேட்டேன். எங்கள வேற தொகுதிக்கு அனுப்பச் சொல்லல."

கூட்டத்தில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"பஸ் போனா பஸ்ஸத் திருப்பிக் கேக்கணும். ஊரையே பஸ் போற பக்கம் தள்ளி விட்டுடறதா? முப்பத்தொரு வருஷமா நான் வெல்பரிக்காக வேல பாத்திருக்கேன். எனக்குத் தெரிஞ்சவங்க அத்தன பேரும் இந்த ரூமுக்குள்ளதான் இருக்காங்க. கடலோரத்துல எனக்கு ஒருத்தரையும் தெரியாதும்மா. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது."

பத்து நிமிஷத்தில் இரண்டு நிமிஷம்கூட அவள் எடுத்துக்கொள்ளவில்லை. வக்கீல் அம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"நன்றிங்க. ஒரே ஒரு கேள்வி. இப்ப வைத்தியத்துக்கும் கடைகண்ணிக்கும் உங்க ஊர்க்காரங்க கடலோரப் பக்கம்தான் போறாங்கங்கறது உண்மையா?"

இல்லை என்று சொல்லிவிடு, டோரீன். மனசுக்குள் நான் கத்தினேன். சத்தியமாகக் கத்தினேன். என் வரைபடம் நாசமாய்ப் போகட்டும், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு.

அவள் கையில் இருந்த இரண்டு தாளையும் மடித்தாள்.

"ஆமாம்மா. உண்மைதான். வேற வழி?"

வக்கீல் அம்மாள் குறித்துக்கொண்டார். டோரீன் என்னைத் தாண்டித்தான் வெளியே போனாள். ஒரு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் கடைசி அறிக்கை வந்தது. ஸ்டேஷன் வார்டு எங்களுக்கே. ஸ்கெல்பி கடலோரத்துக்கு. காரணம் சொல்லும் பத்தியில், 'ஸ்கெல்பிவாசி ஒருவர் நேரில் அளித்த சாட்சியமும் இதை உறுதி செய்தது' என்று ஒரு வரி இருந்தது. பப்பில் எல்லோரும் கோப்பையை உயர்த்தினார்கள். நான் என் மீனைத் தட்டோடு தள்ளி வைத்தேன். அவளுடைய உறுப்பினர் பதிவைக் கடலோரக் கிளைக்கு மாற்றிவிட்டோம் என்று அவளுக்குக் கடிதம் போனது. அதிலும் கையெழுத்து என்னுடையதுதான். மூன்று தடவை போன் பண்ணினேன், எடுக்கவில்லை. நேரில் போக எனக்கு முகம் இல்லை.

பிறகு ஜூலையில் தேர்தல் வந்தது. முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஒன்பதாயிரம் ஓட்டில் ஜெயித்தோம். ஸ்டேஷன் வார்டு மொத்தமும் கைவிட்டுப் போயிருந்தாலும் ஜெயித்திருப்போம். பிறகு எதற்காகத்தான் இத்தனையும் செய்தேன்?

ஓட்டுப்பதிவு அன்று மத்தியானம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலையை அப்படியே போட்டுவிட்டு ஸ்கெல்பிக்குக் காரை விட்டேன். ஊர்ப் பொதுமண்டபத்தில்தான் வாக்குச்சாவடி. வாசலுக்கு வெளியே ஒரு மடக்கு நாற்காலியில் டோரீன் உட்கார்ந்திருந்தாள். கோட்டில் எங்கள் கட்சி நிற ரிப்பன் பூ. மடியில் அட்டை, அதில் தாள். ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர்களிடம் அவர்களுடைய வாக்காளர் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். மணிக்கொரு தரம் கட்சி ஆள் ஒருத்தர் வந்து அந்தத் தாளை வாங்கிப் போவார். அதை வைத்து, நம் ஆட்களில் இன்னும் வராதவர்கள் யார் என்று பார்த்து, வீடு தேடிப் போய் அழைத்து வருவோம். அவள் காலடியில் ஏழெட்டுத் தாள்கள் ஒரு கல்லுக்கு அடியில் அடுக்கியிருந்தன.

"எவ்வளவு நேரமா உக்காந்திருக்க?" என்றேன்.

"காலைல ஏழு மணிலேர்ந்து."

"தாள வாங்க யாரும் வரலையா?"

"யாரு வருவா?"

"குடு டோரீன். நான் கொண்டுபோய் கடலோரக் கிளை ஆபீஸ்ல குடுத்துடறேன்."

"வேண்டாம். காலைலயே போன் பண்ணிக் கேட்டேன். 'ஸ்கெல்பியில நமக்கு என்னம்மா இருக்கு, முந்நூறு ஓட்டு. அதுக்கு ஆள் அனுப்ப முடியாது. நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க'ன்னாங்க. பேரு என்னன்னுகூடக் கேக்கல."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் போட்ட அதே கணக்கு.

"அப்புறம் எதுக்கு இந்த வெயில்ல உக்காந்திருக்க? வீட்டுக்குப் போகலாம், வா."

"வீட்டுக்குப் போயி என்ன பண்ணச் சொல்ற?"

அவள் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் கடகடத்தன.

"என்ன மன்னிச்சிடு, டோரீன். நான் பண்ணது துரோகம்."

அவள் பேனாவை மூடினாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். குரலில் கோபமே இல்லை.

"நீ எழுதினதுல ஒரு வரிகூடப் பொய் இல்லையே, நெவில். நூலகத்துல உக்காந்து தேடித் தேடிப் பாத்தேன். ஒண்ணாவது பொய்யா இருந்தா உங்கிட்ட சண்டைக்கு வந்திருப்பேன். அத்தனையும் நான் சொன்னது. உன்ன நம்பிச் சொன்னது."

மண்டபத்திலிருந்து கைத்தடியோடு ஒரு கிழவர் வெளியே வந்தார். டோரீன் பேனாவைத் திறந்துகொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்க, நம்பர் சொல்லுங்க."

"எழுநூத்துப் பதினாலும்மா. எங்கேம்மா உங்க ஆளுங்க? எப்பவும் கும்பலா நிப்பீங்களே?"

"வந்துடுவாங்க," என்றாள் டோரீன்.

எழுநூற்றுப் பதினாலு என்று குண்டு குண்டாக எழுதினாள். நான் அந்தப் புல்லில் உட்கார்ந்து, அறுபத்தெட்டு வயதில், ஊர் பார்க்க அழுதேன். அவள் தாளைப் புரட்டிவிட்டு, அடுத்து வந்த பெண்ணிடம் எண்ணைக் கேட்டாள்.