அண்ணன் சொல்லட்டும், தம்பி சொல்லட்டும்

"உங்க வூட்ல இன்னா சொல்றாங்க?" என்று போன ஆடியில் பார்த்திபன் உடன் வேலை பார்க்கும் ஜெயப்பிரியாவிடம் கேட்டிருந்தான், நாவலூர் அலுவலகத்து கேன்டீனில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

"இன்னும் ஒண்ணும் சொல்லலியே. உங்க வூட்ல?"

"நீ சொன்னாக்கா பேசலாம்."

பேச்சு அதோடு நின்றது. அவன் வீட்டார் வந்து தன்னைப் பெண் கேட்க வேண்டும் என்பது ஜெயப்பிரியாவின் ஆசை. ஆறு மாதமாக அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. தை பிறந்ததும், திருக்கழுக்குன்றத்தில் அப்பா அவள் ஜாதகத்தை வெளியே எடுத்துவிட்டார். வரும் ஞாயிறு யாரோ பெண் பார்க்க வருகிறார்கள்.

வேலையில் அவளுக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. மாமல்லபுரம் கடற்கரையில் திருவேங்கடமும் அவர் தம்பி ராஜேந்திரனும் நடத்தும் விடுதியின் இணையதளம் இவர்கள் நிறுவனத்தின் பொறுப்பு. ஜெயப்பிரியா திருத்தி அனுப்பும் பக்கத்துக்கு அண்ணன், தம்பி இருவரும் ஒப்புதல் பொத்தானை அழுத்தினால்தான் அது வெளியாகும். பார்த்திபன் அமைத்த ஏற்பாடு அது. பொங்கல் சலுகைப் பக்கம் ஒன்பது நாள் ஒப்புதலுக்குக் காத்திருந்து, காணும் பொங்கல் கழிந்து வெளியானதும், என்ன கோளாறு என்று பார்க்க அவளும் பார்த்திபனும் விடுதிக்கே போனார்கள்.

ஜெயப்பிரியா சகோதரர்களிடம் தனித்தனியாகப் பேசினாள். விடுதியை ஓட்டுகிறவன் தம்பி, தான் முதலில் அழுத்தினால் அதிகாரம் செய்ததுபோல் ஆகும் என்றார் அண்ணன். பெரியவர் இருக்கத் தான் முந்திக்கொள்வதா என்றார் தம்பி. ஒன்பது நாளும் ஆளுக்கொரு முறை திரையைத் திறந்து, மற்றவர் பெயருக்கு நேரே ஒப்புதலின் பச்சை விழவில்லை என்று பார்த்து, மூடியிருக்கிறார்கள்.

தினமும் ரெண்டு நினைவூட்டல் அனுப்பிவிடலாம் என்றான் பார்த்திபன்.

"நீங்க பத்து அனுப்புனாலும் ரெண்டு பேரும் மரியாதயா பாத்துகினுதான் இருப்பாங்க" என்று சிரித்தாள்.

ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள்: அவரவர் தம் முடிவைப் பதியும்வரை மற்றவருடைய முடிவு தெரியக்கூடாது. அதோடு, பிடிக்காவிட்டால் காரணம் எழுதித் திருப்பி அனுப்ப ஒரு பொத்தான். பார்த்திபன் அங்கேயே உட்கார்ந்து மாற்றி அமைத்தான். கோடை விடுமுறைப் பக்கத்தை அனுப்பிப் பார்த்தார்கள். ஐந்தாவது நிமிடம் இரண்டு பெயருக்கும் பச்சை விழுந்தது.

"இன்னாண்ணே, அப்போ அன்னிக்கே உனுக்கு சரிதானா?" என்று ராஜேந்திரன் கேட்க, திருவேங்கடம் காபி கொண்டுவரச் சொன்னார்.

வாசலுக்கு வந்ததும் பார்த்திபன் பைக்கை எடுத்தான். அவளை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு மறைமலைநகர் வீட்டுக்குப் போவதாகச் சொன்னான். ஜெயப்பிரியா ஏறவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம என்னைப் பாக்க யாரோ வராங்க. நீங்க சனிக்கெழமயே உங்கம்மா அப்பாவ கூட்டிகினு எங்க வூட்டுக்கு வந்து என்னைப் பொண்ணு கேளுங்க."