யாரும் வாசிக்காத சுரம்

சாலமனின் வயோலாவைக் கேட்காத ஆள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. கேட்டோம் என்று தெரிந்த ஆளும் இருக்க முடியாது. வயலினைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பும் கனத்த குரலுமாக, பாடுகிறவரின் குரலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் வாத்தியம் அது. மரக்காணத்து மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் பிடில் கற்றுக்கொண்டு சினிமாப் பாட்டுக்கு வாசிக்க அவன் வடபழனி போய்ச் சேர்ந்தபோது, நாற்பது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசித்த காலம் முடிந்துகொண்டிருந்தது. அவனுக்கு வாய்த்தது ஸ்டுடியோவில் ஒரு கண்ணாடி அறை. காதில் ஹெட்போன், அதற்குள் டிக் டிக் என்று தாளம் காட்டும் கிளிக். ஒரே வரியை நாலு தடவை வாசிப்பான். அந்த நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பெரிய கோஷ்டியாக்கிவிடுவார்கள்.

"இன்னைக்கு நாலு சாலமன் சேர்ந்து வாசிச்சோம்" என்று வீட்டுக்கு வந்து மனைவி சகாயமேரியிடம் சொல்லிச் சிரிப்பான். இப்படியே பதினாலு வருஷம் ஓடிவிட்டது.

2005ஆம் வருஷம் ஆகஸ்டில் வினோதினி அவனைத் தேடி வந்தாள். பொம்மையார்பாளையத்துப் பெண், வெளிநாட்டில் இசை எழுதப் படித்துத் திரும்பியவள். பாட்டு இல்லாமல், வார்த்தை இல்லாமல், முப்பது பேர் சேர்ந்து அரைமணி நேரம் வாசிக்கும் ஓர் இசையை எழுதி வைத்திருந்தாள். அதைக் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டித்தான் அவளே கேட்டிருந்தாள்.

"மனுஷங்க வாசிச்சு ஒரு தடவை கேட்கணும்ணா. புதுச்சேரியில ஹால் சொல்லியிருக்கேன், ஜனவரியில கச்சேரி. நீங்க ஆளுங்களைச் சேர்த்துக் குடுத்தா போதும்" என்றாள்.

ஸ்டுடியோக்களில் வேலை குறைந்திருந்த நேரம். சாலமனும், ஆளுயரத்தில் நின்று அடிக்குரலில் முழங்கும் டபுள் பாஸ் வாசிக்கும் அவன் சிநேகிதன் சகாதேவனும் அலைந்து திரிந்து முப்பது பேரைத் திரட்டினார்கள். ஒத்திகைக்கு மரக்காணத்துக் கோயில் கூடத்தைச் சாலமனே பாதிரியாரிடம் கேட்டு வாங்கினான். முந்தின டிசம்பரில் சுனாமி அலை வந்தபோது வீடிழந்த குடும்பங்கள் தங்கியிருந்த கூடம். எந்தக் குடும்பத்துக்கு எந்த இடம் என்று சுவரில் சாக்பீஸால் எழுதிய பெயர்கள் இன்னும் அழியவில்லை. அந்தப் பெயர்களுக்குக் கீழே நாற்காலிகளைப் போட்டார்கள். பின்பக்க ஜன்னலைத் திறந்தால் உப்பளத்து வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. காற்றில் இசை எழுதிய தாள்கள் பறக்காமலிருக்கத் துணி மாட்டும் கிளிப்புகளைக் குத்தினார்கள்.

முதல் நாள் ஒத்திகை கந்தலாகப் போயிற்று. வயலின்கள் முன்னால் ஓடின. கிளாரினெட் பின்தங்கியது. வினோதினி கையசைத்துக் காட்டியும் யாரும் ஒன்றுசேரவில்லை.

"ஒரு கிளிக் போட்டுடுங்க மேடம். எங்களுக்கு அதுல தான் பழக்கம்" என்றான் சகாதேவன்.

வினோதினி நாற்காலி வரிசைகளை ஒரு சுற்று பார்த்தாள். பிறகு, "கிளிக் வேணாம் சார். நாளைக்கு இடத்தை மாத்தி உட்காருவோம்" என்றாள்.

மறுநாள் வயலின்காரர்களைப் பிரித்து ஒவ்வொருவரையும் வேறு வாத்தியத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். சாலமனுக்குப் பக்கத்தில் புல்லாங்குழல் வாசிக்கும் பிரியதர்ஷினி. "என் கையைக்கூடப் பாக்காதீங்க. பக்கத்துல இருக்கறவங்க மூச்சைக் கேளுங்க" என்றாள் வினோதினி.

பிரியதர்ஷினி ஊதுவதற்கு முன்னால் மூச்சை இழுப்பது சாலமனுக்குக் கேட்டது. தன்னை அறியாமல் அவனும் இழுத்தான். இருவரும் சேர்ந்தே தொடங்கினார்கள். அவள் மெல்ல ஊதினால் அவன் வில்லும் தானாக இளகியது. பதினாலு வருஷத்தில் இன்னொருத்தருடைய மூச்சோடு வாசித்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் மத்தியானம், சத்தம் போடுகிறதென்று மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க முழுசையும் ஒரே மூச்சில் வாசித்தார்கள். கடைசிப் பக்கத்தில் வயலின்களும் புல்லாங்குழல்களும் மட்டும் உச்சத்தில் இரண்டு சுரங்களை நீட்டிப் பிடிக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஓய்வு. சாலமன் வில்லை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சுரங்கள் இரண்டும் கொஞ்சம் உரசின. பிறகு யாரோ ஒருவர் தன் சுரத்தை மயிரிழை நகர்த்தினார். இன்னொருவரும் நகர்த்தினார். உரசல் நின்றது.

அப்போது அந்தச் சுரங்களுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. ஆழமான, வட்டமான முழக்கம். காதுக்குள்ளேயே யாரோ உட்கார்ந்து வாசிப்பது போலிருந்தது. சகாதேவன்தான் ஓய்வை மறந்து வாசிக்கிறான் என்று நினைத்துச் சாலமன் திரும்பிப் பார்த்தான்.

சகாதேவனின் வில் அவன் மடியில் கிடந்தது. அவன் சாலமனைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். கண்கள் அகன்றிருந்தன.

வாசித்தவர்கள் நிறுத்தவே பயந்து, மூச்சு தீரும்வரை பிடித்திருந்தார்கள். புல்லாங்குழல் ஓய்ந்ததும் அடியிலிருந்த முழக்கமும் அறுந்தது.

"அதை யாரு வாசிச்சா?" என்று பிரியதர்ஷினி மெதுவாகக் கேட்டாள்.

"யாரும் வாசிக்கல" என்றாள் வினோதினி. "ரெண்டு சுரம் சுத்தமா சேர்ந்தா, மூணாவதா ஒண்ணு கேக்கும்னு படிச்சிருக்கேன். ஆனா கேட்டதில்ல. நான் அதை எழுதவும் இல்ல."

சகாதேவன் எழுந்து, பாஸை மெல்லச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஏம்பா, இது இத்தினி நாளா எங்க இருந்துச்சு?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஜனவரியில் புதுச்சேரிக் கச்சேரிக்குக் கூட்டம் பாதி அரங்குதான். சகாயமேரி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பக்கம் வந்தபோது சாலமன் வில்லை இறக்கிவிட்டு, அது வருமா வராதா என்று காத்திருந்தான். வந்தது. கூடத்தில் வந்ததைவிட மெலிசாக. முன்வரிசையில் ஒரு பெரியவர் அது எங்கிருந்து வருகிறதென்று அண்ணாந்து கூரையைப் பார்த்தார். முடிந்த பிறகும் கைதட்ட வெகுநேரம் யாருக்கும் தோன்றவில்லை.

திரும்பும்போது பஸ் கீழ்ப்புத்துப்பட்டைத் தாண்டியதும் சகாயமேரி, "பூசையில சாமியார் நற்கருணை அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது ஒரு அமைதி வருமே, அப்பிடி இருந்துச்சுங்க" என்றாள். சாலமன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

முப்பது பேரும் மறுபடி அவரவர் பிழைப்புக்குப் போனார்கள். சாலமனும் கண்ணாடி அறைக்குத்தான் போனான். ஆனால் பத்துப் பன்னிரண்டு பேர் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மரக்காணம் வந்து வாசித்தார்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் வினோதினி போன் செய்தாள்.

"புதுசா ஒண்ணு எழுதியிருக்கேண்ணா. இந்தத் தடவை கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கல. எப்பிடிக் கேக்கும்னு எனக்கே தெரியாது."

"எடுத்துட்டு வாம்மா. எல்லாருமா சேர்ந்து கேட்டுடுவோம்" என்றான் சாலமன்.